கப்பித்தான் செத்த பாட்டு

சந்தான் குலாஸ் மன்னார்த் தீவின் பேசாலையில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஆனால் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. பதினேழு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் போன ஒவ்வொரு தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுத்தார். கடைசியில் தகப்பனே, "நீ கரையில நிண்டு கத்து, உனக்கு அதுதான் சரி" என்று இறக்கிவிட்டார். கத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்த காலத்தில், அரிசி வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு குரல் தேவைப்பட்டது. அப்போதுதான் முதன்முதலாக மைக் அவர் கைக்கு வந்தது. ஊர் திரும்பிய பிறகும் அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது.

இப்போது அவரிடம் ஒரு ஓட்டோ இருக்கிறது. கூரையில் முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். மைக்கை ஒரு வளைந்த கம்பியில் பொருத்தி வாய்க்கு நேரே நிறுத்தியிருக்கிறார், இரண்டு கையும் ஓட்டுவதற்கு வேண்டும் என்பதால். மின்சாரம் நிற்கும் நேரம், டெங்குப் புகை அடிக்கும் நாள், காணாமற்போன ஆடு, உதைபந்தாட்ட இறுதிப் போட்டி எல்லாவற்றையும் தீவுக்கு அறிவிப்பவர் அவரே. தலைமன்னாரிலிருந்து வங்காலை வரைக்கும் அந்தக் குரலைத் தெரியும். முகத்தைத் தெரிந்தவர்கள் பேசாலைக்கு வெளியே குறைவு. குரல் மட்டும்தானே வெளியே போகிறது என்று சட்டை போடாமல் பெனியனும் சாரமுமாகவே ஓட்டுவார். மனைவி செலீனா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு போனால் என்னப்பா?"

"ஆர் பாக்கினம்? காதுக்கு என்னத்துக்கடி சேட்டு?"

மரண அறிவித்தல் மட்டும் வேறு மாதிரி. அதற்குப் போகும்போது வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, ஓட்டோவை இரண்டாம் கியரிலேயே வைத்திருப்பார். செத்தவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய மைத்துனர் என்று முறை பிசகாமல் சொல்ல வேண்டும். மூத்த மருமகனின் பெயரை இளைய மருமகனுக்குப் பிறகு சொன்னால் சவம் எடுக்கும் முன்பே வீட்டில் சண்டை வந்துவிடும். செத்த வீட்டு வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிக் காட்டி, சரி என்று வீட்டார் தலையாட்டிய பிறகுதான் ஓட்டோவைக் கிளப்புவார். தீவில் ஒருவர் செத்தால் அது சந்தானின் வாயால் வர வேண்டும் என்பது எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. தன் வாழ்க்கையில் பெருமைப்பட ஏதாவது உண்டென்றால் அது இதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

நாடகம் வந்தது போன வருடம். பேசாலை இளைஞர் கழகத்தில் வழக்கமான புனிதர் நாடகம் அலுத்துப்போய், சிரிக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்றார்கள். கழகத் தலைவர் டிலோஜன், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் இன்ஷிரா ரீச்சரிடம் கேட்டான். எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண், அதிகம் பேசமாட்டாள். விக்ரோறியா மகாராணி காலத்து ஆங்கிலப் பாட்டு நாடகம் ஒன்றைப் பயிற்சிக் கல்லூரியில் படித்திருந்தாள். அதைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்றாள்.

கதை இதுதான். ஒரு சின்னத் துறைமுகப் பட்டினம். மணியடித்துச் செய்தி சொல்லும் ஊர் அறிவிப்பாளன் எதைச் சொன்னானோ அது உண்மை என்பது அங்கே சட்டம். அவன் ஒருநாள் ஆளை மாறி, ஒரு கப்பித்தான் செத்துவிட்டதாக அறிவித்துவிடுகிறான். கப்பித்தான் உயிரோடு கப்பலை விட்டு இறங்கி வருகிறார். நீதவான் அவரைப் பார்த்து, "நீர் செத்துவிட்டீர், சாட்சிக் கூண்டில் ஏற முடியாது" என்கிறார். கலியாணம் பேசி வைத்திருந்த பெண் மனைவியாகும் முன்பே விதவையாகிறாள். வேறு வழியில்லாமல் கப்பித்தான் பிறந்துவிட்டதாக அறிவிக்கிறார்கள். அப்படியானால் அவருக்கு வயது ஒருநாள். கலியாணம் கட்ட வளர வேண்டும். எனவே பெண்ணும் இன்றுதான் பிறந்தாள் என்று அடுத்த அறிவிப்பு. கடைசியில் அறிவிப்பாளன் மணியை அடித்து, "இருபத்தொரு வருடம் கழிந்துவிட்டது" என்கிறான். உடனே கலியாணம்.

அறிவிப்பாளனாக நடிக்கச் சந்தானைக் கேட்டதில் புதுமை இல்லை. வேறு யாரைக் கேட்பது?

சிக்கல் அவனுடைய பாட்டில் இருந்தது. செத்த கப்பித்தானின் பெருமைகளை மூச்சு விடாமல் அடுக்கும் வேகப்பாட்டு அது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நீளச் சொற்கள் ஒன்றோடொன்று முட்டி ஒலிக்கும், சிரிப்பே அங்கேதான். இன்ஷிரா அதே மாதிரி வரிக் கடைசியை ஒலிக்கவிட்டு எழுதிக்கொண்டு வந்தாள். சந்தான் பாடிப் பார்த்தார். பாலர் வகுப்புப் பாட்டு மாதிரி இருந்தது.

"ரீச்சர், குறை நினைக்காதீங்கோ. இதில மூச்சு விட இடமில்லை. சிரிக்கவும் இடமில்லை."

"அப்ப நீங்கள் ரோட்டில அவ்வளவு நீளமாச் சொல்றீங்களே அண்ணை, அது எப்பிடி?"

"அது வேற. அது மரண அறிவித்தல்."

"சொல்லிக் காட்டுங்கோ."

அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத யாரோ ஒருவருக்காகச் சொன்னார். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் அருமை மாமனாரும், மைத்துனரும், பாட்டனும் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் "ஆவார்" என்று வந்து இறங்கினார். ஒத்திகைக்கு வந்த நாளிலிருந்து சிரித்தறியாத இன்ஷிரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஆனா இதுதான் பாட்டு" என்றாள்.

அடுத்த நாள் கொண்டுவந்தாள். வரியின் கடைசியை விட்டு, தமிழ்ப் பாட்டில் ஒலிக்க வேண்டிய தொடக்கத்தை ஒலிக்க விட்டிருந்தாள்.

பாய்மரக் கம்பத்தின் பாசமிகு மூத்தவனும்,
பேய்மழை நாளெல்லாம் போர்வைக்குள் காவலனும்,
வாய்பிளந்த சுறாவுக்கு வாழ்நாள் மைத்துனனும்,
நாய்கண்டால் கடல்பாயும் நம்மூரின் வீரனும் ஆவார்!

அதற்குக் கூட்டமாக எல்லோரும் பதில் சொல்ல வேண்டும்: "அறிவிச்சாச்சு, அறிவிச்சாச்சு, இனி எழும்பேலாது!"

"சுறாவுக்கு மைத்துனனோ?" சந்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரீச்சர், நீங்கள் ஊமை மாதிரி இருந்துகொண்டு ஊரையே வித்துப்போடுவீங்கள்."

நாடகம் நடந்த இரவு மண்டபம் கொள்ளவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல், "மரண அறிவித்தல்" என்று கிளம்பியதும் சனம் சிரிக்கத் தொடங்கியது. மூன்றாவது தடவை கூட்டுப் பாட்டை மேடையில் இருந்தவர்கள் பாட வேண்டியிருக்கவில்லை. கீழே இருந்தவர்களே பாடினார்கள். முன்வரிசையில் வள்ளச் சொந்தக்காரரான வஸ்தியான் சம்மாட்டி தொடையில் அடித்து அடித்துச் சிரித்து, இருமல் வந்து, பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. இத்தனை வருடம் தீவெல்லாம் அறிவித்திருக்கிறார் சந்தான். ஒருவரும் திருப்பி ஒரு சொல் சொன்னதில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை அவருக்கு. மன்னார் நகர மண்டபத்தில் இன்னொரு தடவை போட வேண்டும் என்று டிலோஜன் அப்போதே திகதி குறித்துவிட்டான். யாரோ பாட்டைத் தொலைபேசியில் படம்பிடித்து அனுப்ப, அது தீவு முழுவதும் சுற்றியது.

மன்னார் மேடைக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது வஸ்தியான் சம்மாட்டி செத்துப்போனார். விடியற்காலை நெஞ்சு நோகிறது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நாலு வள்ளம் வைத்திருந்த மனிதர். தீவு முழுக்கச் சொந்தம். மகன் அந்தோனிமுத்து சந்தானுக்கு ஆளனுப்பினான். சந்தான் வாசலில் நின்று வழக்கம்போல இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். சம்மாட்டியின் மனைவி றஞ்சிதம் தலையாட்டினாள். அடக்கம் மறுநாள் பின்னேரம். அதற்குள் எருக்கலம்பிட்டி, மன்னார், தாழ்வுபாடு, வங்காலை எல்லாம் போய்ச் சொல்லி முடிக்க வேண்டும்.

கடற்கரைச் சந்தியில் ஏழெட்டுப் பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ அங்கே திரும்பியபோது சந்தான், "மரண அறிவித்தல்" என்று தொடங்கினார்.

"அறிவிச்சாச்சு, அறிவிச்சாச்சு," என்று ஒருவன் பாடினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "இனி எழும்பேலாது!"

"பேசாலையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட…"

"சுறாவுக்கு மைத்துனனும்!" என்றது இன்னொரு குரல். ஒருவன் வலையில் அப்படியே விழுந்து சிரித்தான். சம்மாட்டியின் முழுப் பெயர் வந்தது: சூசைப்பிள்ளை வஸ்தியாம்பிள்ளை. சிரிப்பு உடனே நிற்கவில்லை. நிற்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் சம்மாட்டியின் வள்ளத்தில் போகிறவர்கள். சந்தான் கியரைத் தவறாகப் போட, ஓட்டோ நின்றுவிட்டது. மறுபடி கிளப்பிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போவதற்குள் அந்தோனிமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து குறுக்கே நிறுத்தினான்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை. மைக்கை நிப்பாட்டுங்கோ முதல்ல."

சந்தான் நிறுத்தினார்.

"அப்பான்ர பேரைச் சொல்லச் சனம் சிரிக்குது. வீட்டுக்குக் கேக்குது. அம்மாவுக்குக் கேக்குது."

"தம்பி, நான் ஒண்டும்…"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. தெரியும். ஆனா உங்கட குரல் இனி இதுக்குச் சரிவராது. நான் ரவுணில ஆளைப் பிடிக்கிறன்."

நகரத்தில் ஒருவன் இருந்தான். பதிவு செய்த குரலைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுவான். பின்னணியில் சோக இசையும் வரும். சந்தான் ஓட்டோவைத் திருப்பிச் செத்த வீட்டுக்கே போனார். வாசலில் இறங்கி, பெனியனோடு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். றஞ்சிதம் உள்ளேயிருந்து அவரைக் கண்டாள்.

"என்ன, போகேல்லையோ?"

பின்னால் வந்த அந்தோனிமுத்துதான் சொன்னான். சந்தியில் நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை.

"சந்தான் சிரிச்சவரோ?" என்று கேட்டாள் றஞ்சிதம்.

"இல்லையம்மா. சனம்."

"அப்ப சனத்திட்டப் போய்க் கேள். என்ர மனுசன் செத்தார் எண்டதை வங்காலை ஆரோ தெரியாதவன்ர ரேப்பில கேக்க வேணுமோ?"

"பெரியம்மா ஆக்கள் அங்க இருக்கினம். அங்கயும் சிரிச்சா?"

றஞ்சிதம் சவத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தோனிமுத்து சந்தானை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

"அம்மாவுக்காக நீங்களே சொல்லுங்கோ. நான் பின்னால வருவன். இன்னொரு இடத்தில ஒருத்தன் சிரிச்சாலும் அவ்வளவுதான், அண்ணை. அதோட நீங்கள் செத்த வீட்டுப் பக்கம் வரவேண்டாம்."

சந்தான் முதலில் தன் வீட்டுக்குப் போனார். செலீனாவுக்கு அதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. குசினிக்குள் நின்று அழுகையும் கோபமுமாக, "கூத்தாடப் போக வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றாள். அப்போது இன்ஷிரா தொலைபேசியில் வந்தாள். பள்ளிக்கூடத்திலும் கதை பரவிவிட்டது.

"அண்ணை, அந்தப் பாட்டை எடுத்துவிடலாம். மன்னாரில வேற ஏதாவது போடுவம். நான் எழுதினதாலதானே இவ்வளவும்."

"பாட்டை விட்டால் நாடகத்தில என்ன இருக்கு ரீச்சர்?"

அதற்குப் பொய்யாக ஒரு ஆறுதல் சொல்கிறவள் அல்ல அவள்.

"அதைப் பிறகு பாப்பம். இப்ப எனக்கு எருக்கலம்பிட்டி தாண்ட வேணும்" என்று வைத்துவிட்டார்.

கதிரையில் இருந்து யோசித்தார். ஏன் சிரித்தார்கள்? மேடையில் அவர் திரைக்குப் பின்னால் நின்றார். முதலில் குரல் வந்தது, ஆள் பிறகு வந்தார். ரோட்டிலும் அப்படியேதான். சந்தியில் இருக்கிறவனுக்கு முதலில் கேட்பது குரல். யார் செத்தது என்பது கடைசியில்தான் வரும். பெயர் வருவதற்குள் அவன் பாடி முடித்துவிடுவான். குரலை மாற்ற முடியாது. அது தொண்டையில் இருப்பது. மற்றதை மாற்றலாம்.

"செலீனா, கோயிலுக்குப் போற வெள்ளைச் சேட்டை எடு" என்றார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள்.

கடற்கரைச் சந்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஓட்டோவை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். வளைந்த கம்பியிலிருந்து மைக்கைக் கழற்றினார். வயர் நீளம் போதாது. ஓட்டோவின் பக்கத்திலேயே, வெயிலில், ரோட்டின் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. அப்படியே நின்றார். வலை பொத்துகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நின்றார். ஊரில் அவர்களோடு சிரித்துப் பேசுகிறவர்தான். ஆனால் தொழில் செய்யும்போது அவருடைய முகத்தை அவர்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

"வஸ்தியான் சம்மாட்டி செத்துப்போனார்," என்றார். மரண அறிவித்தல் என்ற சொல் இல்லை, பிறப்பிடம் வசிப்பிடம் இல்லை. முதலில் அதை மட்டும் சொன்னார். பிறகு மூச்செடுத்து, சூசைப்பிள்ளையின் அன்பு மகனிலிருந்து தொடங்கினார்.

அவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்கள். வலையில் விழுந்து சிரித்தவன் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ஆனால் இவர்களுக்கு ஏற்கெனவே விசயம் தெரியும், வெட்கத்தில் நிற்கிறார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்த அந்தோனிமுத்துவுக்கும் அது தெரியும். அவன் முகம் இளகவில்லை.

எருக்கலம்பிட்டிச் சந்தியில் நஸாரின் தேத்தண்ணிக் கடை. மத்தியானத் தொழுகை முடிந்து வந்தவர்கள் வாங்குகளில் நிறைந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாட்டைத் தெரியும். சந்தான் ஓட்டோவை நிறுத்தி இறங்கி மைக்கைக் கழற்றுவதற்குள் ஒரு இளைஞன் கண்டுவிட்டான்.

"டேய் நிப்ராஸ், இந்தாளுதாண்டா கப்பித்தான் பாட்டு!"

நிப்ராஸ் எழும்பினான். "அறிவிச்சாச்சு, அறிவிச்ச…"

சந்தான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை, அவன் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி. வெள்ளைச் சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் சற்றுத் தூரத்தில் அந்தோனிமுத்து மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை அணைக்காமல், ஒரு காலை ஊன்றி இருந்தான்.

"வாயை மூடுடா," என்றார் நஸார், தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தி. "அந்தாள் இறங்கி நிக்கிறது தெரியேல்லையா?"

நிப்ராஸ் இருந்துவிட்டான்.

"பேசாலை வஸ்தியான் சம்மாட்டி செத்துப்போனார்," என்றார் சந்தான்.

கடைக்குள் ஒருவர், "எந்தச் சம்மாட்டி?" என்று கேட்டார். இன்னொருவர், "எங்கட வாப்பாக்கு மீன் குடுத்த மனுசன்" என்றார். சந்தான் முழுவதையும் சொன்னார்: காலஞ்சென்றவர்கள், இருக்கிறவர்கள், மகன், மருமக்கள், மைத்துனர்கள், பேரப்பிள்ளைகள். மைத்துனர் என்ற சொல் வந்தபோது குரல் ஒரு கணம் தடுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. "ஆவார்" என்று முடித்தார்.

"எத்தினை மணிக்கு அடக்கம்?" என்று கேட்டார் நஸார்.

அடக்கம் எப்போது என்பது அறிவித்தலின் அடுத்த வரி. இத்தனை வருடத்தில் அந்த வரி வருவதற்கு முன் அவருடைய ஓட்டோவை நிறுத்தி யாரும் அதைக் கேட்டதில்லை; போகிற குரலிடம் எப்படிக் கேட்பது? சந்தான் மைக்கைத் தாழ்த்தி, வெறும் வாயால், "நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு. கோயிலுக்குப் பின்னால இருக்கிற சேமக்காலை" என்றார்.

"நாங்கள் வருவம்," என்றார் நஸார்.

சந்தான் திரும்பிப் பார்த்தார். அந்தோனிமுத்து தலையை ஆட்டினான். ஒரே ஒரு தடவைதான். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பேசாலைப் பக்கம் போய்விட்டான்.

இப்படி ஒவ்வொரு சந்தியிலும் நின்று இறங்கி வங்காலை முடிக்க இருட்டிவிடும் என்று கணக்குப் பார்த்தார் சந்தான். பிறகு சேட்டுப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து இன்ஷிராவை அழைத்தார்.

"ரீச்சர், பாட்டை எடுக்க வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்."

"உண்மையாவோ அண்ணை? யோசிச்சுத்தான் சொல்றீங்களோ?"

"ஓம். ஆனா மேடையில எனக்குச் சேட்டு வேண்டாம், அது இனி மரண அறிவித்தலுக்கு. பெனியனோடதான் வருவன்."

மறுமுனையில் அவள் சிரித்தது கேட்டது. சந்தான் மைக்கைக் கம்பியில் பொருத்தாமல் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, மன்னார்ப் பக்கம் ஓட்டோவைக் கிளப்பினார்.